மணியடிக்கப் போற பேராண்டிக்கு

எய்யா, நீ பந்தயத்துல பேரு குடுத்திருக்கன்னு ஒங்க அப்பன் போன்ல சொன்னான். ரொம்ப சந்தோசம். கடைக்குப் போனா வாசலை ஒட்டி இடம் கெடைக்குதான்னு காரை வச்சிக்கிட்டு சுத்திச் சுத்தி வருவ. பத்தடி நடக்கச் சொன்னா மொகம் சுண்டிப்போகும். அப்பேர்ப்பட்ட புள்ள மலையிலருந்து கடல் வரைக்கும் போற பந்தயத்துல எறங்கியிருக்கான்னா, நம்ம குடும்பத்துல யாரோ புண்ணியம் செஞ்சிருக்காக. கண்டிப்பா நானில்ல.

ஒங்க பாட்டிக்குத்தான் வெவரம் புரியல. "எட்டுப் பேரு சேந்து ஓடுதாகளா, இல்ல இவனை ஏழு பேரு வெரட்டுதாகளா?"ன்னு கேக்கா. ரெண்டும் இல்லட்டி, எட்டுப் பேருல முக்காவாசிப் பேரு நாள் பூரா சும்மா நிக்கிறதுக்குப் பேருதான் இந்தப் பந்தயம்னு சொன்னேன். "அப்ப நம்ம பய ஜெயிச்சிருவான்"னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

நானும் பாத்தவந்தாம்லா. ஒம் மவ பொறந்தப்ப விசா வாங்கிட்டு வந்து உங்கூடக் கெடந்தேன் பாரு, அப்ப ஒரு ஞாயித்துக்கெழமை ஃபெர்ன்டேல் ஆத்தங்கரையில மடக்கு நாற்காலியைப் போட்டு என்னைய உக்கார வச்ச. நீ செல்போனைப் பாத்துக்கிட்டிருந்த. நான் பந்தயத்தைப் பாத்தேன். அதனால வெவரம் எனக்குத்தான் தெரியும், கேட்டுக்கிடு.

வாஷிங்டன் மாநிலத்துல, கனடா எல்லைக்குக் கிட்டக்க பெல்லிங்ஹாம்னு ஊரு. அதுக்குக் கெழக்க பேக்கர் மலை, 10,781 அடி. மே மாசம் கடேசித் திங்கக்கெழமை, போர்ல செத்தவுகளை நெனைக்கதுக்குன்னு அந்த நாட்டுல லீவு விடுவாக. அதுக்கு முந்துன நாளு இந்த 'ஸ்கீ டு சீ'. 1973லருந்து நடக்கு. பனியில நீளக்கட்டையை மாட்டிக்கிட்டு ஒருத்தன் நாலு மைல் போறான். அடுத்தவன் பனிச்சரிவுல வழுக்கி எறங்குதான். அடுத்தவன் எட்டு மைல் ஓடுதான். ஒருத்தன் 42 மைல் சைக்கிள் மிதிக்கான். ரெண்டு பேரு கனோ படகுல ஆத்தோட 18 மைலுக்கு மேல துடுப்புப் போடுதாக. இன்னொருத்தன் மண்ணு சேறுன்னு பாக்காம வேற ஒரு சைக்கிள்ல போறான். கடேசி ஆளு கயாக்குல கடலைக் கடந்து, கரையேறி ஓடி, ஃபேர்ஹேவன் மரீன் பார்க்குல தொங்குத மணியை அடிக்கான். மொத்தம் 93 மைல். துண்டு ஏழு, ஆளு எட்டு. கணக்கு இடிக்குதேன்னு மொறைக்காத, படகுல ரெண்டு பேருன்னு இப்பத்தான சொன்னேன்.

நீ அந்த மணியடிக்கத வேலையைக் கேட்டு வாங்கிக்கிட்டியாம்லா. எனக்குத் தெரியாதா ஒன்னைய? மத்தவன் வேர்த்து வடிஞ்சு கொண்டாந்து குடுக்கணும், நீ போயி டங்குன்னு அடிச்சி போட்டோவுக்கு நிக்கணும். நம்ம ரத்தம்தான். தப்புச் சொல்லல. ஆனா மணியடிக்கப் போறவன் ஒரு கதையைத் தெரிஞ்சிக்கிட்டுப் போகணும். இது கட்டுக்கதை இல்ல, அந்த மலையிலயே நடந்தது. 'தி மவுண்டன் ரன்னர்ஸ்'னு 2012ல படமாவே எடுத்திருக்காக.

1911. அப்பத்தைய பந்தயத்துல ஸ்கீயும் கெடையாது, சைக்கிளும் கெடையாது. பேக்கர் மலைக்கு நாலு பேரு வரணும், நம்ம ஊரு நாலு பத்திரிகையில வரணும்னு பெல்லிங்ஹாம் பெரிய மனுசங்களுக்கு ஆசை. அதுக்கு என்ன வழின்னு யோசிச்சிருக்காக. ஊர்லருந்து கெளம்பி, மலை உச்சியைத் தொட்டுட்டு, திரும்பவும் ஊருக்கு யாரு மொதல்ல வாரானோ அவனுக்கு நூறு டாலர். கேக்கவே நல்லாருக்கில்ல? யோசிச்சவன் ஒருத்தனும் ஓடல, அதையும் சேத்துக் கேட்டுக்கிடு.

மலையடிவாரம் வரைக்கும் ரெண்டு வழி. ரயிலேறி கிளேசியர்ங்கிற ஊருல எறங்கி அங்கருந்து ஏறலாம். இல்லன்னா மோட்டார் கார்ல டெமிங் பக்கமாப் போயி அந்தத் தடத்துல ஏறலாம். ஏறுததும் எறங்குததும் சொந்தக் காலு. முன்னயும் பின்னயும் வண்டி. ஹார்வி ஹாகர்டுன்னு ஒருத்தர் ரயிலை நம்பிப் போனாரு. ஜோ கால்பிரெய்த்துன்னு ஒருத்தர் காரை நம்பிப் போனாரு. ராத்திரியில கெளம்பி, பனியில ஏறி, உச்சியைத் தொட்டு எறங்குனா ஹாகர்டுதான் முந்தி வந்து நிக்காரு. கிளேசியர்ல தயாரா நின்ன ரயிலு அவரை ஏத்திக்கிட்டுப் பறக்கு. பெட்டிக்குள்ள அவரைப் படுக்கப்போட்டு மேலை நீவி விடுதாக. ஜெயிச்சாச்சுன்னு அவரும் கண்ணை மூடியிருப்பாரு.

தண்டவாளத்துல ஒரு காளை நிக்கி.

அது என்னத்தைக் கண்டுது, பாவம். பேக்கர் மலை தெரியுமா, நூறு டாலர் தெரியுமா? ரயிலு அது மேல மோதித் தடம் பொரண்டுபோச்சி. ஹாகர்டு விழுந்தடிச்சு வெளிய வந்து, குதிரை வண்டியைப் பிடிச்சி, பெறகு குதிரையிலயே ஏறி, அது தள்ளிவிட, எந்திரிச்சி கார்ல ஏறி, பாதி மயக்கத்துல ஊரு வந்து சேந்தாரு. அதுக்குள்ள கால்பிரெய்த்து கார் வந்து நின்னுபோச்சி. 12 மணி நேரம் 28 நிமிசம். நூறு டாலரும் அவருக்குத்தான்.

கிளேசியர் ஊர்க்காரக என்ன செஞ்சாக தெரியுமா? எங்களுக்கு ஹாகர்டுதான் ஜெயிச்சவருன்னுட்டு அவருக்கு ஒரு விருந்து வச்சாக. விருந்துல என்ன கறி? அந்தக் காளைதான். நான் அங்கன இருந்தப்ப இந்தக் கதையைச் சொன்ன கெழவர்கிட்ட, மாட்டுக்காரனுக்கு துட்டு குடுத்தாகளான்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. பதிலு இன்னும் வரல.

மறு வருசம் ஹாகர்டு திரும்பவும் ஓடி ஜெயிச்சிட்டாரு. மூணாவது வருசம், 1913ல, விக்டர் கால்பிரெய்த்துன்னு வேற ஒருத்தரு பனிவெடிப்புக்குள்ள விழுந்துட்டாரு. பல மணி நேரம் கழிச்சித்தான் ஆளைக் கண்டுபிடிச்சித் தூக்குனாக. உசிரோடதான் வந்தாரு. போதும்டா சாமின்னு ஊர்க்காரக அத்தோட விட்டுட்டாக. பந்தயம்னு மறுபடியும் வாயைத் தொறக்க அறுவது வருசமாச்சி.

நான் எதுக்கு இந்தக் கதையைச் சொல்லுதேன்? ஹாகர்டு கால்ல ஒரு கொறையும் இல்ல. மலையிலருந்து மொதல்ல எறங்குன காலு அது. தோத்தது ரயிலு. நீ மூணு மாசமா கைச்சதையை முறுக்கிக் கண்ணாடியில பாத்துக்கிட்டு இருக்கன்னு ஒம் பொஞ்சாதி சொல்லுதா. பாரு, நல்லாப் பாரு. ஆனா அன்னைக்கு எவன் காரை ஓட்டுதான், அவனுக்கு வழி தெரியுமா, பெட்ரோல் போட்டிருக்கானா, அதை ஒருதடவை கேட்டியா?

ஏன்னா இந்தப் பந்தயத்துல ஓடுதது கொஞ்ச நேரம். சாமானைக் கொண்டு சேக்கதுதான் நாள் பூரா. கனோ எவர்ஸன்ல ஆத்தோரம் இருக்கணும். மண்சைக்கிள் ஃபெர்ன்டேல்ல இருக்கணும். ஒன் கயாக்கு பெல்லிங்ஹாம் கடக்கரையில, ஸுவானிச் பாயிண்டுல இருக்கணும். மலைமேல ஸ்கீ போட்டவனை எவனாவது கீழ கூட்டியாரணும். மலைக்குப் போறது ஒத்த ரோடு. அதுலதான் ஓடுதவனும் சைக்கிள்காரனும் வாரான், நீ நெனச்ச நேரத்துக்குக் காரை ஏத்தவும் முடியாது எறக்கவும் முடியாது. கிளேசியர் தாண்டுனா செல்போனு டவரை நம்ப முடியாது. "எங்கடா வார?"ன்னு கேக்க முடியாது. ஒனக்கு அதை நெனச்சாலே காய்ச்சல் வந்துருமே.

அதனால கேப்டன்னா வேகமா ஓடுதவன்னு நெனச்சிக்கிடாத. யாரு எந்தக் கார்ல, எத்தனை மணிக்கு, எந்தச் சாவி எவன் பையில, ஈரத்துணி மாத்த யாருக்கு எங்க துணி வச்சிருக்கு, இதை ஒரு தாள்ல எழுதி எட்டுப் பேரு கையிலயும் குடுக்கவந்தான் கேப்டன். ஒங்க அணியில அப்படி யாரு இருக்கா? கணக்கு ஆபீசுல வேலை பாக்குத அந்தப் பொண்ணு ஒருத்தி இருக்குன்னு சொன்னியே, பேசாம அவ கையில குடுத்துருங்க. நீங்க மத்த ஏழு பேரும் குரூப்புல தம்ஸ் அப் போட்டுக்கிட்டு இருங்க, அதுவும் ஒரு சோலிதான்.

கல்யாணப் பந்தியைப் பாரு. சமையக்காரன் எம்புட்டு ருசியா ஆக்கியிருந்தாலும், சோத்தை வச்சிட்டு சாம்பார் வாளிக்காரனைக் காணோம்னா இலையில உக்காந்தவன் திட்டுத திட்டு ஒண்ணுதான். ஒருத்தன் கையிலருந்து இன்னொருத்தன் கைக்கு மாறுத எடத்துல, அணிக்காரக கைமாத்துத பட்டையை வாங்க வேண்டியவன் கக்கூஸ் வரிசையில நின்னாம்னா, மலையில உயிரைக் குடுத்து ஓடி மிச்சம்பிடிச்ச நேரமெல்லாம் அங்கனயே கரைஞ்சிரும். ஆத்தங்கரையில நான் என் கண்ணால பாத்தேன். ஒரு படகு வந்து கரையைத் தட்டி நிக்கி, ரெண்டு பேரும் மூச்சு வாங்கிக்கிட்டு ஒரு பேரைச் சொல்லிக் கத்துதாக, அந்தப் பேருக்குரியவன் தூரத்துல ஒரு கடையில பஜ்ஜி மாதிரி என்னத்தையோ தின்னுக்கிட்டு நிக்கான். சைக்கிளு அவனுக்கு முன்னாடியே தயாரா நின்னுது.

சரி, மத்தவுகளுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லணும்லா. நீயே படிச்சிக் காட்டு.

மொத ஸ்கீக்காரன்கிட்ட சொல்லு: அந்தக் கட்டையில குதிகாலு ஒட்டாது, முன்பாதந்தான் மாட்டியிருக்கும், நடக்கவும் முடியும், விழவும் முடியும். எல்லா அணிக்காரனும் அங்க ஒண்ணாக் கெளம்புவான். அதுல ஒலிம்பிக் வரைக்கும் போயிட்டு வந்தவனும் இருப்பான், கோமாளி வேசம் கட்டுனவனும் இருப்பான். ஒலிம்பிக்காரன் பின்னால போறேன்னு நெனச்சி மொத அர மைல்லயே மூச்சை முடிச்சிக்கிடாம, கோமாளியை முந்துனாப் போதும்னு சொல்லு. அந்த மலையில பனிக்குப் பஞ்சமே கெடையாது. 1998-99 பனிக்காலத்துல 1,140 அங்குலம் விழுந்துச்சாம், உலக சாதனை. ஒங்க பாட்டி ஃப்ரிட்ஜுல ரெண்டு அங்குலம் ஐஸ் கட்டுனதுக்கே கத்தியை எடுத்துக்கிட்டு நின்னா.

ரெண்டாவது ஆளு சறுக்கி எறங்குதவன்னு பேரு. அவனுக்கு இன்னும் ஒருத்தனும் முழு உண்மையைச் சொல்லியிருக்க மாட்டான். சேர் வண்டியில ஏத்திவிட மாட்டாக. கட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு, அந்தக் கனத்த பூட்ஸோட பனிமேட்டுல நடந்தே ஏறணும். ஏறுததுதான் சோலி, எறங்குதது கூலி. இதை அவங்கிட்ட பந்தயத்துக்கு முந்துன நாளு சொல்லு. இப்பவே சொன்னா வேற ஆளு தேடணும்.

ஓடுதவன் விசயந்தான் கொஞ்சம் உக்காந்து பேச வேண்டியது. எட்டு மைலும் எறக்கம். 2,200 அடி கீழ வாரான். எல்லாப் பயலும் இதைக் கேட்டுட்டு, அட, எறக்கந்தானேன்னு கையைத் தூக்குவான். பொதிகையில ஏறி எறங்குன காலு எனக்கு, நான் சொல்லுதேன். மேட்டுல ஏறும்போது நெஞ்சுதான் கத்தும், நின்னா அடங்கிரும். எறக்கத்துல நெஞ்சு கம்முன்னு இருக்கும், தொடை கத்தும். அது அன்னைக்குக் கத்தாது, மறுநாளும் அதுக்கு மறுநாளும் கத்தும். ஒவ்வொரு எட்டுக்கும் ஒடம்பு பூரா முன்னால விழப் பாக்கு, தொடைச்சதை அதைப் பிடிச்சி நிறுத்துது. நீண்டுக்கிட்டே இழுத்துப் பிடிக்கதுல சதைக்குள்ள நூலு நூலா அறும். சமதரையில எம்புட்டு ஓடிப் பழகுனாலும் இதுக்கு ஆகாது. எறக்கத்துலயே பழகணும், ஆனா கடேசி ரெண்டு வாரத்துல போயி ஆரம்பிக்கக் கூடாது, அந்த வலியோடயே மலைக்குப் போக வேண்டியதாகிரும். எட்டைச் சின்னதா வை, வேகமா வை, குதிகாலைத் தரையில குத்தி பிரேக்குப் போடாதன்னு சொல்லு. இதைத் தெரியாத பய மொத நாலு மைலு பறப்பான். கடேசி நாலு மைலு அவனைப் பாக்கவே கண்றாவியா இருக்கும்.

42 மைல் சைக்கிள்காரனுக்கு நான் சொல்ல ஒண்ணுமில்ல. அவன் சைக்கிளு வெலையைக் கேட்டேன். அந்தத் துட்டுக்கு இங்க ஒரு சோடி நல்ல உழவுமாடு வாங்கிட்டு மிச்சத்துல வண்டியும் வாங்கலாம். அம்புட்டுக் குடுத்தவன் எப்படியும் போயிச் சேந்துருவான்.

கனோவுக்கு வாரேன். இது வெளையாட்டு இல்ல, அதனால இந்தத் துண்டுல மட்டும் கிண்டலைக் கொஞ்சம் கொறைச்சிக்கிடுதேன். நூக்ஸாக் ஆறு. மலையிலருக்க பனி உருகித்தான் அந்தத் தண்ணி வருது. எவர்ஸன்ல எறங்கி ஃபெர்ன்டேல்ல ஏறணும். வேகம் இருக்கும், வளைவு இருக்கும், கரையில சாஞ்ச மரம் வேரோட தண்ணிக்குள்ள கெடக்கும். அந்தக் கெளைக்குள்ள தண்ணி போயிரும், மனுசன் போக மாட்டான், மாட்டிக்கிடுவான். மரத்தைத் தூரத்துலயே பாத்து ஒதுங்கிரணும். படகு கவுந்தா காலை ஊனி நிக்கப் பாக்கக் கூடாது, பாறையிடுக்குல காலு செருகிரும். மல்லாந்து, காலை முன்னால நீட்டி, தண்ணி போக்குலயே கரைக்கு ஒதுங்கணும். படகு ஒனக்குக் கீழ்த்தண்ணியில இருக்கணும், நீ படகுக்கும் பாறைக்கும் நடுவுல மாட்டிக்கிடக் கூடாது. மெதவை அங்கி கட்டாயம். தாமிரபரணியில நீச்சலடிச்சவன்டான்னு நீ பெருமை பேசுவியே, அதெல்லாம் இங்க பேசு. அந்தக் குளுரு தண்ணியில விழுந்தா மொத நிமிசம் மூச்சே நம்ம பேச்சைக் கேக்காது, இழுத்து இழுத்து வாங்கும். அது அடங்குத வரைக்கும் பதறாம மெதந்துக்கிட்டு இருக்கதுதான் பெரிய நீச்சல்.

இப்ப கிண்டலுக்கு வாரேன். அந்தப் படகுல புருசன் பொஞ்சாதியை ஏத்தப்போறதா சொன்ன பாரு, அந்த யோசனை எந்தப் புத்திசாலி குடுத்தான்? கனோவுல பின்னால உக்காந்தவன்தான் திசை திருப்புவான். முன்னால உக்காந்தவனுக்கு அவன் என்ன செய்யுதான்னு தெரியாது. ஆனா அவன் செய்யுதது தப்புன்னு மட்டும் நல்லாத் தெரியும். பழகுனவுக ரெண்டு பேரும் ஒரே நேரத்துல துடுப்பை முக்குவாக. கொஞ்சத் தடவை போட்டதும் ஒருத்தர் 'ஹட்'னு சத்தம் குடுப்பாக, ரெண்டு பேரும் பேசாம பக்கம் மாத்துவாக. ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் உடனே கேக்கணும், ஏன்னு கேக்கப்படாது. அந்த ரெண்டு பேருக்கும் கல்யாணமாகி எத்தனை வருசம் ஆச்சின்னு விசாரிச்சிக்கிடு. ஒரு வருசத்துக்குள்ளன்னா ஏத்து. முப்பது வருசம் ஆயிருந்தாலும் ஏத்து, அவுக பேசுததை நிறுத்தியிருப்பாக. நடுவுல இருக்கவுகளை ஏத்தாத.

மண்சைக்கிள்காரன் பதினாலு மைல் போகணும், எறங்கி சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் தாண்ட வேண்டிய எடமும் வரும். நம்மள சொமந்த சாமானை நாம சொமக்கத வாய்ப்பு எல்லாருக்கும் கெடைக்காதுன்னு அவங்கிட்ட பெருமையாச் சொல்லு.

இப்ப ஒனக்கு. காலையில மலைமேல கூட்டமா கெளம்புவாக. முந்துத அணி ஏறக்கொறைய ஆறு மணி நேரத்துல மணியடிச்சிருவான். ஒங்க அணி எப்ப வரும்னு எனக்குத் தெரியாது, ஆனா நீ காலைச் சாப்பாட்டைத் தின்னுட்டு அங்க நின்னா மத்தியானச் சாப்பாடும் அங்கதான். கடலோரக் காத்து அடிக்கும். சுத்தி நூத்துக்கணக்குல கயாக்கு வரிசையாக் கெடக்கும். ஒவ்வொரு அணியா வர வர, பக்கத்துல பேசிக்கிட்டிருந்தவன் எந்திரிச்சிப் போயிக்கிட்டே இருப்பான். உங்க ஆளு மட்டும் வரமாட்டான். போன் அடிச்சாலும் பதில் வராது. அந்த நேரந்தான் ஒனக்குப் பந்தயம், தண்ணியில இருக்கது இல்ல.

காத்துக் கெடக்கதுல எனக்குப் பாடம் நடத்த ஒருத்தனும் பொறக்கல. பட்டா மாத்த ஒரு ஆபீசுல நான் உக்காந்த உக்காருதலுக்கு அந்தப் பெஞ்சே எம் பேருக்கு மாறியிருக்கணும். அதனால சொல்லுதேன். பந்தயச் சட்டையை மொதல்லயே மாட்டிக்கிட்டு வெடவெடன்னு நிக்காத. மேல கனத்த உடுப்பைப் போட்டுக்கோ, ஒங்க சைக்கிள்காரன் வார நேரத்துக்குக் கொஞ்சம் முன்ன கழத்து. வயிறு முட்டத் தின்னாத, கொஞ்சம் கொஞ்சமா தின்னு. கக்கூஸுக்கு அவசரம் வாரதுக்கு முந்தியே போ. ரெண்டு மணிக்கு வாரேன்னு ஒங்க ஆளு சொல்லியிருந்தா ஒண்ணரைக்கே தயாரா நில்லு. அவன் மூணு மணிக்கு வந்தாலும் ஏன்டான்னு கேக்காத, பட்டையை மட்டும் வாங்கு. ஆகாசம் வெயிலா இருக்கேன்னு பனியனோட படகுல ஏறாத. அங்க வெயிலுக்கு உடுத்தப்படாது, தண்ணிக்கு உடுத்தணும். கயாக்கு கவுந்தா இடுப்பைச் சுத்தி மூடியிருக்க துணியை முன்னாலருந்து இழுத்து உருவிட்டு வெளிய வரத் தெரியணும். அதை நீச்சல்குளத்துல தலைகீழாத் தொங்கிப் பழகு, யூடியூப்புல பாத்துப் பழகாத.

துடுப்பைக் கையால இழுக்காத. நீ கண்ணாடியில பாக்குத அந்தச் சதைக்கு அங்க வேலையே இல்ல. இடுப்பைத் திருப்பி, முதுகால இழுக்கணும். அஞ்சு மைலு. மத்தியானத்துக்கு மேல விரிகுடாவுல காத்து ஏறுனா அலை எந்திரிக்கும், எதுத்த கரை பக்கத்துல இருக்க மாதிரியே இருக்கும், வரவே வராது. நடுவுல ஒருத்தன் கவுந்து கெடந்தா பந்தயத்தை விட்டுட்டு அவங்கிட்ட போ. நீ எப்படியும் மொதல்ல வரப்போறதில்ல.

கரை தட்டுனதும் காலு மரத்துப்போயிருக்கும். சட்டுன்னு எந்திரிச்சிக் குதிச்சி, கூட்டத்துக்கு முன்னால மொகம் குப்புற விழுந்தவுக கதையெல்லாம் உண்டு. பைய எந்திரி, ரெண்டு எட்டு வச்சிப் பாரு, பெறகு ஓடு. மணியை ஒருதடவை அடி. மூணு நாலு தடவை அடிச்சி ஆட்டம் போடாத, பின்னால இன்னொருத்தன் நிப்பான். போட்டோவுல மத்த ஏழு பேரையும் சேத்துக்கோ. அதுல ஒருத்தன் இன்னும் மலைமேல காருக்காக நின்னுக்கிட்டிருப்பான், ஆளை எண்ணிப் பாரு.

மறுநாளு லீவுங்கிறதை எவனோ ரோசனை பண்ணித்தான் வச்சிருக்கான். ஓடுனவனுக்குப் படியில எறங்க முடியாது. பின்பக்கமாத் திரும்பிக் கைப்பிடியைப் பிடிச்சிக்கிட்டு எறங்கச் சொல்லு, அப்ப வலி கொஞ்சம் கொறையும். நீயும் தோளைப் பிடிச்சிக்கிட்டு சோபாவுல கெடப்ப, ஒம் மவ வந்து முதுகுல ஏறுவா. அன்னைக்கு எனக்குப் போன் போடாத, செவ்வாக்கெழமை போடு.

இன்னொண்ணு விட்டுப்போச்சி. வாடகைக்கு எடுத்த கயாக்கை உப்புத்தண்ணி போக நல்ல தண்ணி ஊத்திக் கழுவித்தான் திருப்பிக் குடுக்கணும். மண்சைக்கிள்ல சேறு காஞ்சி இறுகிப்போயிருக்கும், அதையும் தேச்சிக் கழுவணும். ஏழு துண்டுக்கும் கையைத் தூக்குன எட்டுப் பேரும் அப்ப எங்க போனாகன்னே தெரியாது. அதை யாரு கழுவுததுன்னு இப்பவே குரூப்புல எழுதி வாங்கிக்கிடு. தம்ஸ் அப்பை நம்பாத, பேரோட எழுதச் சொல்லு.